காலராவின் நஞ்சைக் கண்ட கல்கத்தா அறிஞர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கும் வசைமொழிகளுள் பேதியில் போக என்பது ஒன்று. சினங்கொண்ட கிழவியின் வாயிலிருந்து அச்சொல் புறப்படும்போது இன்று கேட்போர் சிரித்துவிட்டு அப்பால் நகர்வர். நூறு ஆண்டுகளுக்கு முன் அது சிரிப்புக்குரிய சொல்லாக இருக்கவில்லை. காலையில் ஏர் பூட்டிச் சென்றவன் மாலையில் பாடையேறினான் என்பது அன்றைய ஊர்களில் கண்கூடான செய்தி. வாந்திபேதி புகுந்த ஊரில் பிணம் தூக்கவும் ஆள் கிடைப்பது அரிது. தமிழர் மாரியம்மனுக்கும் காளியம்மனுக்கும் கூழ் வார்த்து வேண்டிக்கொண்டனர். வங்காளத்திலோ இந்நோய்க்கென்றே ஓலாதேவி என ஒரு தெய்வம் இருந்தது. முஸ்லிம்கள் அத்தெய்வத்தை ஓலாபீபி என்றனர். இரு சமயத்தாரும் ஒரே அச்சத்தால் ஒரே வாயிலில் நின்றனர்.

அவ்வச்சத்தின் வேர் எங்கே உள்ளது என்று காட்டியவரும் ஒரு வங்காளியே. டாக்டர் சம்புநாத் தே என்பது அவர் பெயர். காலராக் கிருமி மனிதனை எவ்வாறு கொல்கிறது என்னும் வினாவுக்கு 1959ஆம் ஆண்டில் விடை கண்டவர் அவர். நுண்ணுயிர் நஞ்சுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் அது ஒரு புதுவழி திறந்த நாள் எனலாம்.

நான் தில்லியில் நுண்ணுயிரியல் பயில்பவன். டாக்டர் தே வகுத்த சோதனை முறையை நான் படித்த பாடநூல் விளக்கிற்று. வகுத்தவர் பெயரை அது சொல்லவில்லை. நூலகத்தில் தேடிப் படித்த பிறகு, இவ்வரலாற்றை நம் மன்றத்து நண்பர்கள் அனைவரும் அறியவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. சிறப்பாக, தலைநகரில் பயிலும் நாம் அறியவேண்டும். நாட்டின் பெரும் விருதுகள் அறிவிக்கப்படுவது இந்நகரில். இந்திய தேசிய அறிவியல் கழகம் தன் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதும் இந்நகரில்தான். அந்தத் தில்லியின் கண்ணில் இறுதிவரை படாமற்போன ஒருவரின் வரலாறு இது.

இளமையும் கல்வியும்

1915ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் சம்புநாத் பிறந்தார். தந்தையார் தாசரதி தே சிறு வணிகர். வாணிகம் குடும்பத்தை வளமாக வைக்கவில்லை. எனினும் சிறுவனுடைய படிப்பு அவனுக்கு வழி திறந்துவிட்டது. உதவித்தொகை பெற்று ஹூக்ளி மோசின் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். நம் சென்னை மருத்துவக் கல்லூரி தோன்றிய அதே 1835ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெருங் கல்லூரி அது. 1939இல் மருத்துவப் பட்டமும், 1942இல் வெப்பநாட்டு மருத்துவத்தில் டிப்ளோமாவும் பெற்றார்.

கல்லூரிப் பேராசிரியர் எம். என். தே இவ்விளைஞரின் அறிவை அடையாளம் கண்டுகொண்டார். பெயரின் பின்பகுதி ஒன்றாயிருந்ததேயன்றி இருவரும் உறவினர் அல்லர். பின்னர் உறவினர் ஆயினர். பேராசிரியர் தம் மகளையே அவருக்கு மணம் முடித்துக் கொடுத்தார். மருமகன் மேல்நாடு சென்று ஆராய்ச்சி பயில வழி செய்தவரும் அவரே.

1947ஆம் ஆண்டில் சம்புநாத் தே இலண்டன் சென்றார். நாடு விடுதலை பெற்ற ஆண்டு. வங்காளம் இரண்டாகப் பிளந்த ஆண்டும் அதுவே. இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில், நோய்க்குறியியல் அறிஞர் ராய் காமரன் அவர்களிடம் பயின்று 1949இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, நரம்புக் கோளாற்றால் நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்வது எவ்வாறு என்பது. உடலுக்குள் ஓடவேண்டிய நீர், கரை கடந்து வேறிடத்தில் ஏன் கசிகிறது? இவ்வினாவை அவர் இலண்டனில் நுரையீரலைப் பார்த்துக் கேட்டார். கல்கத்தா திரும்பியபின் குடலைப் பார்த்துக் கேட்டார். அவருடைய இரு ஆராய்ச்சிகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, இரண்டையும் ஒரே நூலிழை கோப்பதாகவே எனக்குப் படுகிறது.

எழுபத்தைந்து ஆண்டுப் புதிர்

டாக்டர் தே செய்ததன் அருமையை உணர, அவருக்கு முன் நின்ற புதிரை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

காலரா தண்ணீரால் பரவுகிறது என்பதை இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ 1854இல் காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியில் பிலிப்போ பாசினி என்பார், நோயால் இறந்தோர் குடலில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் எகிப்துக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் வந்து, 1884இல் அக்கிருமியே நோய்க்குக் காரணம் என்று அறிவித்தார். காற்புள்ளிபோல் வளைந்த அந்தக் கிருமியைக் கல்கத்தாவின் குளத்து நீரிலும் அவர் கண்டார். கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் கருதினார்.

கள்வன் இன்னான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவன் கையில் இருந்த ஆயுதம் எது? அதை எவராலும் காட்ட முடியவில்லை.

அக்காலத்தில் வேறு இரு நோய்களின் நஞ்சுகள் அகப்பட்டன. 1888இல் பாரிசில் ரூ, யெர்சின் என்னும் இருவர் தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். 1890இல் பேரிங், கிடசாட்டோ என்போர் அந்நோய் நஞ்சுக்கும் இசிவு நோய் நஞ்சுக்கும் எதிர்ப்பொருள் உண்டாதலைக் கண்டு, நோயெதிர்ப்பியலுக்கே அடிக்கல் நாட்டினர். இந்நஞ்சுகள் கிருமி தங்கிய இடத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவிக் கேடு செய்பவை. ஆகவே காலரா நஞ்சும் அவ்வாறே இருக்கும் என்று அறிஞர் எண்ணியதில் வியப்பில்லை. காலராக் கிருமிகளை விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, ஆனால் அவற்றுக்குப் பேதி உண்டாகவில்லை. கிருமி செத்துச் சிதையும்போது அதன் உடலிலிருந்து வெளிப்படும் பொருளே நஞ்சு என்னும் பைபரின் கொள்கை வேரூன்றியது. குடலின் உட்சவ்வு உரிந்துபோவதால்தான் நீர் கொட்டுகிறது என்னும் கருத்தும் நிலைத்தது.

இவ்வாறு 1884 முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இத்தனைக்கும் நோயாளியின் உடலில் காலராக் கிருமி குருதிக்குள் பெரும்பாலும் புகுவதே இல்லை. அது குடலிலேயே பிறந்து, குடலிலேயே பெருகி, குடல் வழியே வெளியேறுகிறது. வீட்டுக்குள் காணாமற்போன பொருளை வீதியில் தேடியதுபோல் ஆயிற்று.

ஒரு முயலும் இரண்டு முடிச்சுகளும்

இலண்டனிலிருந்து திரும்பிய டாக்டர் தே கல்கத்தாவின் நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணி ஏற்றார். காலரா நோயாளிகளுக்கு அந்நகரில் பஞ்சமே இல்லை. இறந்தோரின் சிறுநீரகம் எவ்வாறு கெடுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்து எழுதியுள்ளார். ஆனால் அவருடைய நோக்கு மெல்ல மெல்லக் குடலின்மேல் சென்று பதிந்தது.

வளர்ந்த முயலுக்கு வாய்வழியே காலராக் கிருமியைக் கொடுத்தால் அதற்குக் காலரா வருவதில்லை. பிறகு எப்படிச் சோதிப்பது? டாக்டர் தே ஓர் எளிய வழி கண்டார். மயக்கமூட்டிய முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு சிறு துண்டை அறுக்காமலே, அதன் இரு முனைகளையும் நூலால் முடிச்சிட்டார். இரு முடிச்சுகளுக்கும் இடைப்பட்ட குடல், வாய் கட்டிய சிறு பைபோல் ஆயிற்று. அதனுள் ஊசி வழியே காலராக் கிருமிகளை விட்டார். வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்து பார்த்தார்.

முடிச்சிட்ட குடல் புடைத்து நின்றது. உள்ளே நிறைந்திருந்தது காலரா நோயாளியின் கழிச்சலை ஒத்த, அரிசி களைந்த நீர் போன்ற திரவம். கிருமியற்ற வெறும் ஊட்டநீரை விட்ட மற்றொரு குடல்துண்டோ சுருங்கியே கிடந்தது. சட்டர்ஜி என்னும் துணையாளருடன் டாக்டர் தே இதனை 1953ஆம் ஆண்டில், நோய்க்குறியியலுக்கென்று நடந்த ஆங்கில ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வெளியிட்டார்.

நண்பர்களே, இச்சோதனைக்கு வேண்டியவை யாவை? ஒரு முயல், கொஞ்சம் நூல், ஓர் ஊசிக்குழல், கிருமி வளர்த்த குப்பி. மாவட்ட மருத்துவமனை எதிலும் கிடைக்கக்கூடியவை. அவர் பிறந்த 1915ஆம் ஆண்டிலேயே வியோல், கிரெண்டிரோபுலோ என்னும் இருவர் இதை ஒத்த சோதனை ஒன்றைச் செய்து பிரெஞ்சு மொழியில் குறிப்பு எழுதியிருந்தனர் என்பது வரலாறு. அது முளைக்காத விதையாய் மண்ணுக்குள் கிடந்தது. கல்கத்தாவில்தான் அவ்விதை மரமாயிற்று. ஏனெனில், டாக்டர் தே சோதனையோடு நிற்கவில்லை. அதைக்கொண்டு அடுத்த வினாவைக் கேட்டார்.

அடுத்த வினாக்களுள் ஒன்று வேறு கிருமியைப் பற்றியது. 1955இல் அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் துறையின் தலைவராகச் சென்றார். 1956இல், குடலில் சாதுவாக வாழ்வதென்று கருதப்பட்ட கோலி என்னும் நுண்ணுயிரியை இதே முயல் குடலில் சோதித்தார். பேதியுற்றோரிடமிருந்து எடுத்த அவ்வினத்துக் கிருமிகள் சில, காலராக் கிருமியைப் போலவே குடலைப் புடைக்கச் செய்தன. குழந்தைகளுக்கும் வழிப்பயணிகளுக்கும் உண்டாகும் பேதிக்கு இத்தகைய கோலிக் கிருமிகள் பெருங்காரணம் என்பதை உலகம் உணரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

1959

முயலின் குடலில் நீர் சுரக்கச் செய்தது உயிருள்ள கிருமியா, கிருமி வெளிவிடும் ஏதேனும் பொருளா? இதுவே முடிவான வினா. டாக்டர் தே காலராக் கிருமிகளை ஊட்டநீரில் வளர்த்தார். பின்னர் அந்நீரை, கிருமி ஒன்றுகூடக் கடக்க இயலாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். கிடைத்த தெளிநீரில் உயிரும் இல்லை, உடலும் இல்லை. அத்தெளிநீரை முடிச்சிட்ட குடலுக்குள் விட்டார்.

குடல் புடைத்தது.

கிருமி இல்லை, ஆயினும் காலரா இருக்கிறது! அப்படியாயின் கிருமி உயிரோடிருக்கும்போதே ஒரு நஞ்சை வெளியே விடுகிறது. அந்நஞ்சு குருதியைத் தேடிப் போகாமல் குடலின்மீதே வேலை செய்கிறது. காக் கருதிய நஞ்சு எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அவர் கிருமியைக் கண்ட அதே கல்கத்தா மாநகரில் அகப்பட்டது. 1959ஆம் ஆண்டு மே மாதத்தில் நேச்சர் இதழில் இச்செய்தி வெளியாயிற்று. ஒரே ஒருவர் பெயரில் வந்த, இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிய சிறு கட்டுரை அது.

அதே ஆண்டில் பம்பாய் ஹாப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் அவர் துணைவரும் முயல்குட்டிகளுக்குக் காலராக் கிருமியிலிருந்து எடுத்த பொருளைக் கொடுத்து, பேதி உண்டாகக் கண்டனர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அவர்கள் சென்ற வழி வேறு; இடம் வேறு. இந்தியாவின் இரு கரைகளிலும் ஒரே ஆண்டில் ஒரே உண்மை வெளிப்பட்டது நமக்குப் பெருமையே.

நஞ்சு செய்யும் வேலை

டாக்டர் தே கதவைத் திறந்தார். உள்ளே நுழைந்து பார்த்தோர் பலர். அமெரிக்காவில் பிங்கல்ஸ்டைன், லோஸ்பலூட்டோ என்னும் இருவர் 1969இல் அந்நஞ்சைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பு இன்று நன்கு விளங்கிவிட்டது. அது ஆறு துண்டுகள் சேர்ந்த ஒரு புரதம். ஒரே வகையான ஐந்து துண்டுகள் வளையம்போல் நின்று குடல் உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது துண்டு உள்ளே புகுகிறது. ஐவர் கதவைப் பிடித்துக்கொள்ள ஒருவன் உள்ளே நுழையும் கள்வர் கூட்டத்தை ஒத்தது இது.

உள்ளே நுழைந்தது செய்யும் தீங்கு என்ன? உயிரணு அளவோடு நீரைச் சுரக்க ஒரு மடை உண்டு. வேண்டும்போது திறக்கும், வேலை முடிந்ததும் மூடும். நஞ்சு அம்மடையைத் திறந்து, மூடும் பலகையையே கழற்றி எறிந்துவிடுகிறது. உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருள் பெருகுகிறது; உப்பு வெளியே பாய்கிறது; உப்பின் பின்னே நீரும் பாய்கிறது. கடுமையான காலராவில் நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழந்துவிடக்கூடும். கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி மறைந்து, சில மணி நேரத்தில் உயிர் பிரிகிறது. அவனைக் கொல்வது நஞ்சு நேரே தரும் அடியன்று, நீரின் இழப்பு.

இந்த மடையை ஆளும் புரதங்களைக் கண்டதற்காகவே கில்மன், ராட்பெல் என்னும் அமெரிக்கர் இருவருக்கு 1994இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாராய்ச்சிக்குக் காலரா நஞ்சு ஒரு கருவியாகப் பயன்பட்டது. கொல்லும் நஞ்சே உயிரணுவின் மறைபொருளைத் திறக்கும் சாவியும் ஆயிற்று! நஞ்சின் தீங்கற்ற பகுதியைக் கொண்டு வாய்வழித் தடுப்பு மருந்து செய்யும் முறையும் சுவீடன் நாட்டில் உருவாயிற்று.

உப்பும் சர்க்கரையும்

ஆராய்ச்சி ஏட்டோடு நின்றால் ஏழைக்கு என்ன பயன் என்று சிலர் கேட்பர். அவ்வினா நியாயமானது. விடையும் உண்டு.

குடலின் உட்சவ்வு உரிந்து விழுகிறது என்று நம்பியவரை, நோயாளிக்கு வாய்வழி நீர் கொடுத்துப் பயனில்லை என்றே மருத்துவர் பலர் எண்ணினர். கிழிந்த பையில் நீரை ஊற்றி என்ன ஆகும்? ஆனால் நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்த கங்கரோசா முதலியோர், 1960இல் சவ்வு உரியவில்லை என்று காட்டினர். நஞ்சு சுரக்கும் மடையைத் திறந்துவிடுகிறதேயன்றி உறிஞ்சும் வாயை அடைத்துவிடவில்லை. சர்க்கரை உள்ளே செல்லும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்லும். உப்பின் பின்னே நீர் செல்லும். அதே 1960இல் ராபர்ட் கிரேன் இதனை விளக்கினார்.

உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கண்டவர் டாக்டர் தே அல்லர். கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953இலேயே வாய்வழி நீரால் நோயாளிகளைப் பேணிய செய்தியை வெளியிட்டிருந்தார். டாக்காவில் நாலின், காஷ் என்னும் இளம் மருத்துவர் இருவர் 1968இல் அதனை முறைப்படுத்திக் காட்டினர். 1971இல் வங்கப் போரின்போது பொங்கான் எல்லையில் அகதிகள் முகாமில் காலரா பரவிற்று. குருதியில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாயால் பருகச் செய்தார். 100க்கு 30 என்று இருந்த சாவு 100க்கு 4க்கும் குறைந்தது. இவர்கள் கையால் செய்ததை நம் அறிவு ஏற்றுக்கொள்ளும்படி விளக்கியது, காலரா குடலைக் குலைக்கும் நோயன்று, குடலை ஏமாற்றும் நோய் என்னும் உண்மை. அவ்வுண்மைக்கு அடித்தளம் இட்டவருள் முதல்வர் டாக்டர் தே.

இது தொலைவிலுள்ள கதையன்று. 1988ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் தில்லியிலேயே, யமுனைக்கு அக்கரையிலுள்ள குடியிருப்புகளில் காலரா புகுந்தது. அடிகுழாய் நீரில் கழிவு கலந்ததே காரணம். பலர் உயிர் இழந்தனர். நோயைப் பற்றி அனைத்தும் தெரிந்துவிட்ட காலத்தில், நாட்டின் தலைநகரில் இது நிகழ்ந்தது. மருத்துவம் பெறாவிடில் கடுங்காலராவில் பாதிப்பேர் மடிவர். காலத்தில் நீர் கொடுத்தால் 100க்கு ஒருவர்கூட மடிவதில்லை. இடையிலுள்ள வேறுபாடு அறிவு மட்டுமன்று. அவ்வறிவு குடிசை வாயிலுக்குப் போய்ச் சேர்வதும் ஆகும்.

குடத்துள் இட்ட விளக்கு

இத்தகைய அறிஞருக்கு நாடு என்ன செய்தது? உள்ளூர் மாடு விலை போகாது என்பது நம் பழமொழி. டாக்டர் தே வாழ்வில் அது மெய்யாயிற்று. இந்தியாவின் அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரும் விருது எதுவும் அவரை நாடி வரவில்லை. குடியரசு நாள்தோறும் தில்லியில் வெளியாகும் பட்டியல்களில் அவர் பெயர் இடம் பெற்றதே இல்லை.

1961இல் அவர் காலராவைப் பற்றிய தம் ஆராய்ச்சிகளை ஒரு நூலாக வெளியிட்டார். அதன்பின் ஆராய்ச்சி உலகில் அவர் குரல் மெல்லத் தேய்ந்தது. அதே ஆண்டில் இந்தோனேசியாவில் எல்டார் என்னும் வேறு வகைக் காலரா கிளம்பி, 1964இல் இந்தியாவை அடைந்தது; கல்கத்தாவின் பழைய கிருமி வகை பின்வாங்கிற்று. நஞ்சைத் தூய்மைப்படுத்தும் பந்தயமோ பொருளும் கருவியும் மிக்க மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றுவிட்டது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியருக்குப் பாடம் நடத்தும் கடமையும், மருத்துவமனைச் சோதனைகளின் சுமையும் நாள்தோறும் உண்டு. 1973இல் அவர் ஓய்வு பெற்றார். பின்னரும் கல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

வெளிநாட்டார் அவரை மறக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க், டாக்டர் தேயின் பெயரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். 1978இல் நோபல் நிறுவனம் காலராவையும் அதனைச் சார்ந்த பேதி நோய்களையும் பற்றி ஒரு கருத்தரங்கு கூட்டியபோது, அவரை அழைத்துப் பெருமைப்படுத்தியது. நெடுங்காலம் இறந்தவன்போல் கிடந்த தம்மை அவ்வழைப்பு மீண்டும் உயிர்ப்பித்தது என்னும் பொருள்பட அவர் அங்கே பேசினார். அதில் கசப்பு இருந்ததா, நகைச்சுவை இருந்ததா என்று பிரித்துச் சொல்லல் அரிது. இரண்டும் இருந்திருக்கும்.

1985ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தம் எழுபதாம் வயதில் அவர் மறைந்தார். மறுஆண்டே, ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் முறையைக் கணக்கிட்டு ஆராய்ந்த யூஜின் கார்பீல்டு என்னும் அமெரிக்கர், காலரா ஆராய்ச்சியின் வரைபடத்தில் கல்கத்தா அறிஞரின் இடம் எத்தகையது என்று விரிவாக எழுதினார். 1990இல் பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸ் இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது. மாலை வந்தது உண்மை. ஆனால் அதைச் சூடக் கழுத்து இல்லை.

இதனை எண்ணும்போது எனக்குச் சினம் எழாமல் இல்லை. ஆனால் சினத்தோடு நின்றுவிடுவது டாக்டர் தேக்கு நாம் செய்யும் சிறப்பாகாது. ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று கேட்பதே சிறப்பு. நம் நாட்டில் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்ப்பலகை தாங்கிய கட்டடத்தில் நிகழ்வதே ஆராய்ச்சி என்னும் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கல்லூரியில் பாடம் சொல்லும் ஆசிரியர் உலகுக்கே புதியது ஒன்றைக் கண்டிருப்பார் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராததைக் கண்கள் காண்பதில்லை. மேலும், தகுதியை நாம் அளப்பது பெரும்பாலும் மேல்நாட்டார் அளந்த பின்பே. மேல்நாடு ஒருவரைப் போற்றக் கால் நூற்றாண்டு காத்திருந்தால், நாமும் கால் நூற்றாண்டு காத்திருக்கிறோம்.

நாம் கொள்ளவேண்டியது

தில்லியில் நம்மைச் சுற்றிலும் பெரிய ஆய்வுக்கூடங்கள் உள்ளன. அவற்றின் கருவிகளைக் கண்டு மயங்கி, இக்கருவி இல்லாமல் நம்மால் என்ன செய்ய முடியும் என்று நம்மில் பலர் ஏங்குகிறோம். தமிழ்நாட்டின் ஊர்களுக்குத் திரும்பிச் சென்று சிறு கல்லூரிகளில் பணியாற்றப்போவோர் இன்னும் மிகுதியாக ஏங்குவர். அவர்களுக்கு டாக்டர் தேயின் வாழ்வு ஒரு துணை. காக் போன்ற மேதைகளுக்குப் பின் வந்தோர் எழுபத்தைந்து ஆண்டுகள் தவறவிட்டது கருவிக் குறையாலன்று. அவர்கள் தேடிய இடம் வேறு. நோயாளியின் உடலில் நோய் எங்கே நிகழ்கிறதோ அங்கேயே டாக்டர் தே தேடினார். வினா சரியாக இருந்தது. ஆகவே நூலும் ஊசியும் போதுமாயின.

காலரா இன்னும் ஒழியவில்லை. 1992இல் நம் சென்னையில்தான் அதன் புதிய வகை ஒன்று, ஓ-139 என்னும் பெயருடையது, முதன்முதலாகத் தலைகாட்டிற்று. 1996இல், காலராக் கிருமிக்கு நஞ்சு செய்யும் ஆற்றலை அளிப்பது அக்கிருமிக்குள் புகுந்த ஒரு வைரஸ் என்பதை வால்டார், மெகலானோஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டு உலகை வியப்பில் ஆழ்த்தினர். உலகில் ஆண்டுதோறும் 21,000 முதல் 143,000 பேர் வரை இந்நோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இறப்போர் பெரும்பாலும் தூய நீர் கிடைக்காத ஏழைகள். அறிஞர் தம் பங்கைச் செய்துவிட்டார். குழாயும் கழிவுக்கால்வாயும் அமைப்போர் பங்கு மிச்சமிருக்கிறது.

நுண்ணுயிரியல் பயிலும் நண்பர்கள் அடுத்த முறை முயல் குடல் சோதனையைப் பற்றிப் படிக்கும்போது, நூலின் ஓரத்தில் சம்புநாத் தே, கல்கத்தா, 1953 என்று எழுதிவைப்பார்களாக. பிற துறை நண்பர்கள், தம் துறையில் இவ்வாறு பெயர் விடுபட்டவர் எவர் என்று தேடுவார்களாக. நம் மன்றத்தின் அடுத்த இதழ்களில் அவர்கள் வரலாறுகளும் வரட்டும். விருது வழங்குவது நம் கையில் இல்லை. மறவாதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.